ஆலைக் கழிவுநீரும் ஆண்களின் விந்தணுவும்: எப்போது பட்டது என்பதுதான் கேள்வி

1977. கலிஃபோர்னியாவில் லாத்ரோப் என்று ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலை. ஒரே பிரிவில் வேலை பார்த்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது: அந்தப் பிரிவில் இருப்பவர்கள் வீட்டில் கொஞ்ச காலமாகக் குழந்தையே பிறக்கவில்லை. ஒருவருக்கு இல்லை என்றால் அது அவர் வீட்டுச் சங்கதி. இத்தனை பேருக்கும் இல்லை என்றால்? சிலர் துணிந்து விந்துப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தார்கள். முடிவு வந்தபோது சொல்லிக்கொள்ளும்படி அதில் விந்தணு இல்லை. அப்புறம் டொனால்ட் வோர்ட்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அந்தப் பிரிவின் மற்ற ஆண்களையும் சோதித்து, அதே வருஷம் லான்செட் இதழில் எழுதினார்கள். பல வருஷம் அங்கே வேலை பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு விந்தணு அறவே இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. சேர்ந்து சில மாதமே ஆனவர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது.

காரணம் டிபிசிபி என்ற ரசாயனம். மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்வதற்காக நிலத்துக்குள் செலுத்துவது. எலிகளின் விந்தகத்தை இது சுருங்க வைக்கிறது என்று 1961லேயே ஆய்விதழில் அச்சாகியிருந்தது. பதினாறு வருஷம் அந்தத் தகவல் காகிதத்தில் கிடந்தது, ஆட்கள் அதே பொருளைக் கலந்துகொண்டிருந்தார்கள்.

இந்த ஆண்களுக்கு உடம்பில் வேறு எந்தக் குறையும் தெரியவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தாம்பத்தியத்தில் குறை இல்லை. விந்துகூட அளவில் வழக்கம்போலத்தான் இருந்தது, அதில் விந்தணுதான் இல்லை. ஆண் உடம்பில் நடக்கும் இந்த வகைச் சேதத்துக்கு அறிகுறியே கிடையாது. குழந்தை வேண்டும் என்று நினைத்துத் தேடும்போதுதான் தெரியவரும், அப்போதும் பெரும்பாலும் முதலில் மனைவியைத்தான் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

சரி, அது ஆலைக்குள் நடந்தது, தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதே டிபிசிபி நிலத்துக்குள் போனது, மழையோடும் பாசனத்தோடும் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. கலிஃபோர்னியாவில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அமெரிக்காவில் குடிநீரில் இதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு ஒரு லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். ஆலைக்குள் மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் தொழிலாளிக்குப் போகும் பொருள், ஆலைக்கு வெளியே தண்ணீர் வழியாக எல்லோருக்கும் போகிறது. அளவு குறைவு, ஆனால் வருஷக் கணக்கில் போகிறது. தொழிலாளிக்கு ஒரு ஷிப்ட் முடிந்தால் ஓய்வு உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் கர்ப்பிணிக்கு அதுவும் இல்லை. அவள் வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால், கதை இன்னும் வேறு.

இதைப் பற்றி எழுதுகிற பலரும் எந்த ரசாயனம், எவ்வளவு என்று மட்டும் பட்டியல் போடுகிறார்கள். நான் படித்தவரைக்கும் அதைவிடப் பெரிய கேள்வி, எந்த வயதில் பட்டது என்பது. ஒரே தண்ணீர் முப்பது வயது ஆணுக்குச் செய்வதும் கருவில் இருக்கும் பையனுக்குச் செய்வதும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் திரும்பி வரும், பின்னது வராது. இதைப் புரிந்துகொள்ள விந்தணு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

ஒரு விந்தணு தயாராகச் சுமார் 74 நாள் ஆகிறது. அப்புறம் விந்தகத்தின் மேல் சுருண்டு கிடக்கும் மெல்லிய நீண்ட குழாய் ஒன்றின் வழியே சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை எடுத்துக்கொண்டு நகர்ந்து, நீந்தும் திறனைப் பெறுகிறது. மொத்தம் மூன்று மாதக் கணக்கு. இன்று ஒருவர் ஆய்வகத்தில் கொடுக்கும் மாதிரி, போன மூன்று மாதத்தில் அவர் உடம்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். இந்த வேலைக்கு இரண்டு வகை செல்கள் துணை நிற்கின்றன. லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். செர்டோலி செல்கள் வளரும் விந்தணுவைத் தாய் மாதிரி பிடித்து வைத்து ஊட்டும், கூடவே ரத்தத்துக்கும் விந்தணுக்களுக்கும் நடுவே ஒரு வேலியும் போட்டுக் காக்கும். ஒரு செர்டோலி செல் இத்தனை விந்தணுவைத்தான் வளர்க்க முடியும் என்று கணக்கு உண்டு. பூப்பெய்தும் வயதோடு செர்டோலி செல்கள் பெருகுவது நின்றுவிடும். அதற்குள் எத்தனை உண்டாயினவோ அதுதான் வாழ்நாள் முழுவதற்குமான முதல்.

முதலில் வளர்ந்த ஆணின் விஷயத்தைப் பார்ப்போம். இங்கே முக்கியமான எதிரிகள் உலோகங்கள். முலாம் பூசும் பட்டறைகள், பேட்டரி ஆலைகள், துத்தநாகம் உருக்கும் ஆலைகள், சாய நிறமிகள் ஆகியவற்றிலிருந்து காட்மியம் வருகிறது. காட்மியம் எலியின் விந்தகத்தை ஒரே ஊசியில் அழுகச் செய்யும் என்பது 1950களிலேயே தெரிந்த செய்தி. தண்ணீர் வழியாக வரும் அளவு அப்படி ஒரேயடியாகக் கொல்லாது, மெதுவாக வேலை செய்யும். செர்டோலி செல்கள் போட்ட வேலியைத்தான் அது முதலில் தளர்த்துகிறது. உடம்பு துத்தநாகத்துக்கு வைத்திருக்கும் இடங்களில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. விந்தணுவின் தலைக்குள் மரபுப்பொருளைச் சுருட்டி இறுக்கி வைக்கத் துத்தநாகம் தேவை, அந்த இடத்தை ஈயமும் பிடித்துக்கொள்ளும். சுருட்டியது தளர்ந்தால் மரபுப்பொருள் எளிதில் உடையும். அப்படிப்பட்ட விந்தணு எண்ணிக்கையில் குறையாமல் இருக்கலாம், நுண்ணோக்கியில் நன்றாக நீந்தவும் செய்யலாம், ஆனால் கரு தங்காமல் போகும். வழக்கமான விந்துப் பரிசோதனையில் இது தெரியவே தெரியாது.

ஈயத்தைப் பற்றிய ஆய்வுகள் பழையவை, உறுதியானவை. 1975ல் ருமேனியாவில் பேட்டரித் தொழிலாளர்களிடம் விந்தணு குறைந்தும் உருமாறியும் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அளவைத் தாண்டும்போது எண்ணிக்கை குறைவது தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு சேதம் எல்லா உலோகங்களுக்கும் பொது. விந்தணுவின் மேலுறை பெரும்பகுதி எளிதில் கெடும் கொழுப்பால் ஆனது. உடம்பின் மற்ற செல்களுக்குள் பழுது பார்க்கும் சாமான்கள் நிறைய உண்டு. விந்தணுவோ நீந்துவதற்காகத் தன் சுமையை எல்லாம் இறக்கிவிட்டு வந்தது, கையில் ஒன்றும் கிடையாது. உலோகங்கள் கிளப்பிவிடும் ஆக்சிஜன் துகள்கள் பட்டதும், எண்ணெய் காறிப்போவதைப் போல அந்த மேலுறை கெட்டுப்போகிறது. வால் அசைவு தளர்கிறது.

வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் திரும்பி வரும் என்று சொன்னேன். விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்கள் உயிரோடு இருந்தால், நச்சு நின்ற பிறகு புது விந்தணுக்கள் வரும். டிபிசிபி பட்டவர்களிலும் பலருக்கு எண்ணிக்கை திரும்பியது, மூலச் செல்களே அழிந்துபோனவர்களுக்கு வருஷங்கள் கழித்தும் திரும்பவில்லை. காட்மியத்தில் வேறொரு சிக்கல்: சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பாதியாகக் குறைவதற்கே 10 முதல் 30 வருஷம் ஆகும். ஈயம் எலும்பில் தங்கும். தண்ணீரை மாற்றிவிட்டால் மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்ற கணக்கு எல்லாப் பொருளுக்கும் செல்லாது.

இனி ஹார்மோன். ஆலைக் கழிவில் வரும் சில பொருட்கள் விஷம் போல எதையும் கொல்வதில்லை. உடம்பின் ஹார்மோனைப் போல நடிக்கின்றன, அல்லது ஹார்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு அதை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. இதைக் கண்டுபிடித்த கதைகளில் எனக்கு மறக்க முடியாதது ஒன்று உண்டு.

1980களின் இறுதியில் பாஸ்டனில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனென்ஷைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மார்பகப் புற்றுநோய் செல்களை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் சும்மா இருக்கும். ஒரு நாள் தட்டுகளைப் பார்த்தால் எல்லாத் தட்டிலும் செல்கள் பெருகிக் கிடக்கின்றன, ஈஸ்ட்ரோஜன் ஒரு துளியும் சேர்க்காத தட்டில்கூட. யாரோ தவறுதலாக ஊற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கரைசல்களை மாற்றினார்கள், பாத்திரங்களை மாற்றினார்கள், மாதக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் குற்றவாளி அவர்கள் கரைசலை ஊற்றி வைத்த பிளாஸ்டிக் குழாய். தயாரித்த நிறுவனம் குழாய் உடையாமல் இருக்க அதன் கலவையை மாற்றியிருந்தது, அதிலிருந்து நோனைல்பீனால் என்ற பொருள் கசிந்து ஈஸ்ட்ரோஜன் வேலையைச் செய்திருந்தது. 1991ல் இதை வெளியிட்டார்கள்.

நோனைல்பீனால் பிளாஸ்டிக்கில் மட்டும் இல்லை. துணி ஆலை, கம்பளி ஆலை, தோல் பதனிடும் ஆலை, காகித ஆலை என்று எங்கெல்லாம் எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுக்க வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு வகைச் சலவைப் பொருளைப் பயன்படுத்தினார்கள். அது கழிவுநீரில் சிதையும்போது நோனைல்பீனாலாக மாறும். சுத்திகரிப்பு நிலையத்தில் நுரை போய்விடும், நீர் தெளிந்து வெளியேறும், ஆனால் சிதைந்து மிஞ்சியது முதலில் இருந்ததைவிட அதிக ஹார்மோன் வேலை செய்யும்.

அப்படித் தெளிந்து வந்த நீரில் என்ன இருந்தது என்று மீன்கள் சொன்னது இங்கிலாந்தில். ஜான் சம்ப்டர், சூசன் ஜோப்ளிங் முதலானவர்கள் கழிவுநீர் வெளியேறும் வாய்க்கால்களில் கூண்டு போட்டு ஆண் டிரௌட் மீன்களை வைத்தார்கள். சில வாரங்கள் கழித்து அவற்றின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம் இருந்தது. ஆண் மீனுக்கு மஞ்சள் கரு எதற்கு? அதன் கல்லீரலில் அந்த மரபணு இருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் கிடைக்காததால் காலமெல்லாம் தூங்கும், இந்தத் தண்ணீர் அதை எழுப்பிவிட்டது. 1998ல் ஆறுகளில் தாமாக வாழும் ரோச் மீன்களைப் பிடித்து ஆராய்ந்தார்கள். ஆண் மீனின் விந்தகத்தை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், பொடிப் பொடியான விந்தணுக் கூட்டத்துக்கு நடுவே உருண்டை உருண்டையாக முட்டைகள். சில ஆறுகளில் கழிவுநீர் சேரும் இடத்துக்குக் கீழே பிடித்த ஆண் மீன்கள் அத்தனையிலும் இப்படி இருந்தது.

அந்த ஆறுகளில் எல்லாக் குற்றமும் ஆலைகளுடையது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் பெரிய பங்கு வீட்டுக் கழிவுநீரில் வரும் இயற்கையான பெண் ஹார்மோனுக்கும் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனுக்கும்தான். ஆனால் யார்க்‌ஷயரில் ஏர் ஆற்றில் காரணம் கம்பளி ஆலைகளின் சலவைப் பொருள்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. ஆலைகள் அந்தச் சலவைப் பொருளைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறிய பின், கூண்டில் வைத்த ஆண் மீன்களின் ரத்தத்தில் அந்த மஞ்சள் கருப் புரதமும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் இந்தப் பொருளுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆலையின் வாசலிலேயே நிறுத்தினால் ஆறு கேட்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

மீனுக்கு நடந்தது மனிதனுக்கு நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. மீன் அந்த நீரிலேயே மூச்சுவிடுகிறது, நாம் அப்படி இல்லை. ஆனால் ஹார்மோனும் அது போய் உட்காரும் இடமும் மீனுக்கும் முதலைக்கும் எலிக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஃபுளோரிடாவில் அபோப்கா ஏரிக்கரையில் இருந்த ஒரு ரசாயன ஆலையிலிருந்து 1980ல் பூச்சிக்கொல்லி கொட்டிப்போனது. பல வருஷம் கழித்து லூயி கில்லெட் அந்த ஏரியின் இளம் ஆண் முதலைகளை ஆராய்ந்தபோது அவற்றின் டெஸ்டோஸ்டிரோன் மிகவும் குறைந்திருந்தது, ஆண்குறியும் சிறுத்திருந்தது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டிடிஈ என்ற பொருள், டெஸ்டோஸ்டிரோன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று 1995ல் எலிகளை வைத்து நிரூபித்தார்கள்.

இப்போது கருவுக்கு வருவோம். என் கவலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கர்ப்பத்தின் எட்டாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை ஆண் சிசுவின் விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து, உடம்பை ஆணாக வடிவமைக்கிறது. அந்தச் சில வாரங்களில் ஹார்மோன் குறைந்தாலோ தடைபட்டாலோ பிறகு எவ்வளவு கொடுத்தும் அதைத் திருத்த முடியாது. விந்தகம் விதைப்பைக்குள் இறங்காமல் நிற்பது, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி அமைவது, வளர்ந்த பின் விந்தணு குறைவு, இளம் வயதில் விந்தகப் புற்றுநோய் என்று வெவ்வேறாகத் தெரியும் நான்குக்கும் கருவிலேயே ஒரே வேர் இருக்கலாம் என்று கோப்பன்ஹேகனின் நீல்ஸ் ஸ்காக்கெபேக் 2001ல் முன்வைத்தார். அந்த வாரங்களில் தாய்க்குக் கர்ப்பம் மூன்றாவது மாதம்தான். சில பெண்கள் வீட்டில்கூட இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வயதுக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பை வெளிச்சம் போட்டுக் காட்டியது இத்தாலியின் செவேசோ. 1976 ஜூலையில் ஆலை விபத்தில் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் மேகமாக ஊர்மேல் படிந்தது. அது காற்று வழியாக வந்தது, தண்ணீர் அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். பாவ்லோ மொக்காரெல்லி குழு அப்போது ரத்த மாதிரிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது, விபத்தின்போது ஒன்றிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருந்த பையன்களுக்கு வளர்ந்தபின் விந்தணு குறைவாகவும் நீந்தும் திறன் மந்தமாகவும் இருந்தன. அப்போதே பதினெட்டைத் தாண்டியிருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதே ஊர், அதே மேகம்.

ஜப்பானின் மினமாட்டாவை எல்லோருக்கும் தெரியும், கை கால் முடங்கிய குழந்தைகளின் படங்கள் வழியாக. ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மக்களுக்குப் போனது. அங்கே இன்னொன்றும் நடந்தது. மாசு உச்சத்தில் இருந்த 1955 முதல் 1959 வரை அந்த ஊரில் ஆண் குழந்தைகள் பிறப்பது வழக்கத்தைவிடக் குறைந்தது. ஆண் சிசுக்கள் கருவிலேயே அதிகம் இறந்ததுதான் காரணம் என்று பல பத்தாண்டுகள் கழித்து, 2001ல், பிறப்புக் கணக்குகளை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறக்காமலே போன பையன்கள் எந்த நோயாளிப் பட்டியலிலும் வரவில்லை.

குடிநீரே நேரடியாகக் குற்றவாளியான வழக்கு இத்தாலியின் வெனெட்டோ. ஒட்டாத பாத்திரம், நீர் புகாத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றுக்கான பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களைத் தயாரித்த ஆலை ஒன்றிலிருந்து அவை நிலத்தடி நீருக்குப் போயின. 2013ல் தெரியவந்தபோது லட்சக்கணக்கானோரின் குடிநீரில் அவை கலந்திருந்தன. இவை சிதைவதே இல்லை. இவற்றில் பரவலான ஒன்று மனித ரத்தத்தில் பாதியாகக் குறையவே சில வருஷம் எடுக்கும். பாதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே வளர்ந்த இளைஞர்களையும் மாசுபடாத பகுதி இளைஞர்களையும் ஒப்பிட்டு 2019ல் வெளியிட்ட முடிவுகளில், மாசுப் பகுதி இளைஞர்களின் விந்தணுத் தரம் குறைந்திருந்தது, விந்தகத்தின் அளவும் சிறுத்திருந்தது, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தூரமும் குறுகியிருந்தது. கடைசியாகச் சொன்ன அளவுதான் முக்கியம். அது கருவில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு கிடைத்தது என்பதை ஒட்டி அமைவது. அந்தக் குறுகல், சேதம் பிறப்பதற்கு முன்பே தொடங்கியதைக் காட்டுகிறது.

இவ்வளவு சிறிய அளவா இத்தனை செய்யும் என்று கேட்பார்கள். கனடாவில் ஒரு சோதனை ஏரியில், மூன்று கோடைகாலம், கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை ஒரு லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் அளவில் வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதில் 12 முதல் 15 மில்லிகிராம், சில உப்புக் கல் எடைதான். அந்த ஏரியில் சிறிய மீன் இனம் ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஹார்மோன் உடம்பில் வேலை செய்வதே அந்த அளவுகளில்தான். ஆலைப் பொருட்கள் பலவும் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமானவை, அது உண்மை. ஆனால் தனித்தனியாக எந்த விளைவும் காட்டாத எட்டு பலவீனமான பொருட்களை ஒன்றாகச் சேர்த்தபோது தெளிவான ஈஸ்ட்ரோஜன் விளைவு வந்ததை ஆண்ட்ரியாஸ் கோர்ட்டன்காம்ப் குழு 2002ல் ஆய்வகத்தில் காட்டியது. ஆற்றில் தனியாக ஒரு பொருள் எங்கே வருகிறது? சட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பு வைக்கிறது, உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறது.

அப்படியானால் சோதனைச் சான்றிதழ்? கழிவுநீரில் வழக்கமாகப் பார்ப்பது அமிலத்தன்மை, உப்பு, நிறம், ஆக்சிஜன் தேவை போன்றவை. மீன் மூச்சுத் திணறிச் சாகாமல் இருக்க இவை தேவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஹார்மோன் வேலை செய்யும் பொருள் இருக்கிறதா என்று இவற்றில் ஒன்றும் சொல்லாது. வீடுகளில் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரை நம்பி நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று மட்டும் பார்த்து உப்பைக் கணக்கிடும் கருவி. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் ஈயமோ பிஎஃப்ஏஎஸ்ஸோ இருந்தால் அதன் எண்ணில் அசைவே இருக்காது. எண் 80 என்று காட்டினால் உப்பு குறைவு, அவ்வளவுதான் அர்த்தம். காய்ச்சினாலும் உலோகம் போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் கெட்டிப்படும்.

விந்தணு உலகம் முழுக்கக் குறைகிறது என்ற செய்திகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஹகாய் லெவின், ஷானா ஸ்வான் குழு 2022ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 1973ல் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10.1 கோடியாக இருந்த சராசரி 2018ல் 4.9 கோடியாகியிருக்கிறது. 2000க்குப் பின் குறையும் வேகமும் கூடியிருக்கிறது. இந்த ஆய்வு காரணம் இன்னது என்று சொல்லவில்லை. பருமன், புகை, வெப்பம், உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் அதே காலத்தில் மாறியவை. பழைய கால எண்ணும் முறைகளை நம்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2045ல் பூஜ்ஜியமாகிவிடும் என்று பரப்புவது வெறும் கோட்டை நீட்டிப் பார்த்த கணக்கு, அதை நான் ஏற்கவில்லை. ஆலைக் கழிவின் மீதான குற்றச்சாட்டுக்கு இந்த உலகச் சராசரி தேவையும் இல்லை. லாத்ரோப், ஏர் ஆறு, வெனெட்டோ என்று இடம், பொருள், வழி தெரிந்த சான்றுகளே போதும்.

அதேபோல் குழந்தை இல்லாத ஒவ்வொரு ஆணுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் ஆண்களில் பத்தில் நான்கு பேருக்கு விதைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், சிறிய அறுவை சிகிச்சையில் பலருக்கு நிலைமை மேம்படும். தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு அதைப் பார்க்காமல் விட்டால் வருஷம் வீணாகும்.

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும். பாதிக்குப் பாதி தம்பதிகளில் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை மலிவானது, வலி இல்லாதது. ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்ட வேண்டாம், போன மாதம் அடித்த கடும் காய்ச்சல்கூட எண்ணைக் கீழே இழுக்கும். இரண்டாவது முறையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்று போட்டிருப்பது கீழ் எல்லை மட்டும். அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் உண்டு. என்ன வேலை, எந்தத் தண்ணீர், எத்தனை வருஷமாக என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அறிக்கைத் தாளில் அதற்கு இடம் இருக்காது. வேலைக்குப் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், உலோகத் தூள் அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது.

தண்ணீருக்கு, ஆலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உலோகங்களுக்குத் தனியாகச் சோதனை கேட்க வேண்டும், பொதுவான குடிநீர்ச் சோதனை போதாது. ஆர்.ஓ. என்று சொல்லும் சவ்வூடு வடிகட்டி உலோகங்களையும் பிஎஃப்ஏஎஸ்ஸையும் நன்றாகக் குறைக்கும், கரி வடிகட்டி பல கரிமப் பொருட்களைப் பிடிக்கும், ஆனால் கரி நிறைந்துவிட்டால் பிடித்ததைத் திரும்ப விடும், காலம் தவறாமல் மாற்ற வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் வீட்டில் இருந்தால் இதையெல்லாம் கர்ப்பம் தெரிந்தபின் செய்வது தாமதம், சில மாதம் முன்பே தொடங்க வேண்டும். இவை வீட்டளவில் செய்யக்கூடியவை. கிணற்றையும் ஆற்றையும் எந்த வடிகட்டியும் காப்பாற்றாது, அதற்கு ஏர் ஆற்றங்கரை ஆலைகள் செய்ததைப் போல உள்ளே போகும் பொருளையே மாற்ற வேண்டும், வெளியே வரும் நீரில் மீனையோ செல்களையோ விட்டு ஹார்மோன் வேலை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சட்டமாக்க வேண்டும். அந்தச் சோதனைகள் ஏற்கெனவே இருக்கின்றன, பல வருஷமாக.

ஒரே ஒரு ஆணின் அறிக்கையை வைத்துக் காரணத்தை யாராலும் சொல்ல முடியாது. லாத்ரோப்பில் ஒரே பிரிவு ஆட்கள் ஒன்றாகப் போனதால்தான் பிடிபட்டது. ஒரே கிணற்றைக் குடிக்கும் தெருவிலோ ஒரே பட்டறையிலோ நாலைந்து வீட்டில் குழந்தை தள்ளிப்போகிறது என்றால், வெட்கத்தை ஒதுக்கிவிட்டு அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சேர்ந்தே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். விந்து மாதிரிகள் போகும் அதே வாரத்தில், ஆய்வகம் தரும் பாட்டிலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரும் போகட்டும்.